மிதந்து வந்த பாறைச்சுவர்: ஒரு பவளத்தொட்டியில் இரண்டு முறை கட்டிய கதை

என் பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளமும் கடல்மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, 90 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரம். விளிம்புவரை நிரப்பினால் 225 லிட்டர். சிங்கப்பூரில் எட்டாவது மாடி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், வரவேற்பறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் பின்கண்ணாடியை மறைத்து ஒரு பாறைச்சுவர் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டினேன். அது பெயர்ந்து மிதந்தது. பிரித்தெறிந்துவிட்டு மறுபடி கட்டினேன். இரண்டாவது சுவர் தொட்டிக்குள் போக நான்கு மாதம் ஆனது. அந்த நாட்களில் நோட்டில் குறித்து வைத்ததிலிருந்து இதை எழுதுகிறேன். அழகைப் பற்றி அதிகம் இருக்காது. சுவரின் முகத்தைச் செய்ய மூன்று வாரயிறுதி போதுமானதாக இருந்தது. மீதிக் காலமெல்லாம் அதன் முதுகுக்கும் வயிற்றுக்கும்தான் போனது.

ஆசை வந்த இடம் இந்தோனேசியாவின் புனாக்கென். கடலடியில் செங்குத்தாக இறங்கும் பவளச் சுவர்களுக்குப் பேர்போன இடம். அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, வீட்டுத் தொட்டியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய கறுப்புத் தாளும், குறுக்கே ஓடும் பம்ப் வயரும் கண்ணை உறுத்தத் தொடங்கின.

பாறை என்றதும் அம்மா சொன்னது, “ஊர்ல கெடக்காத கல்லா? யாராவது வரும்போது ரெண்டு எடுத்தாரச் சொல்லு” என்றுதான். அம்மாவுக்கு ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம். அங்கே பழைய சுற்றுச்சுவர்களில் முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, இன்றும் பார்க்கலாம். சுண்ணாம்புக் காளவாயில் வெந்ததும் அதே கல்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு, சுற்றியிருந்த முருகைக்கல்லை வெட்டி எடுத்தது ஒரு முக்கியக் காரணம். 2001-இல் கடினப் பவளங்கள் எல்லாம் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கரையில் செத்துக் கிடக்கும் கல்லும் அதில் அடக்கம். பெட்டியில் இரண்டு கல்லைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது புலியின் பல்லைக் கொண்டுவருவது மாதிரிதான் என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

கடையில் சட்டப்படி விற்கும் பாறையை அடுக்கலாம். ஆனால் பின்பக்கம் முழுக்க ஏழு செ.மீ. தடிமனுக்கு என்றால் முப்பது லிட்டர் கல் வேண்டும். அது ஐம்பது, அறுபது கிலோ. விலையும் எடையும் இரண்டுமே பயமுறுத்தின. எனவே நுரையும் சிமெண்டும்.

முதல் சுவர்

மூன்று செ.மீ. தெர்மோகோல் பலகையைக் கண்ணாடி அளவுக்கு வெட்டினேன். அதன் மேல் பியு (பாலியூரித்தேன்) நுரையைக் குப்பியிலிருந்து பீய்ச்சி மேடு பள்ளம் உண்டாக்கினேன். இறுகியதும் கத்தியால் செதுக்கி, வெள்ளை சிமெண்டும் பவள மணலும் 1:3 கலந்து மூன்று பூச்சு. கலவையில் கல்லுப்பு கொஞ்சம். அது பின்னால் கரைந்து துளை விடும் என்பது கணக்கு. கடைசியாகச் சிவப்பு ஆக்சைடையும் கறுப்பு ஆக்சைடையும் நீரில் கரைத்து நிழல் தீட்டினேன். ஊர் வீட்டுத் தரையில் பார்த்த அதே ஆக்சைடு. இரும்புத் துரு வகை என்பதால் நீரில் கரையாது, பயமில்லை. பத்து நாள் காயவைத்தேன். பிறகு தெர்மோகோலின் முதுகு முழுக்கச் சிலிக்கானைத் தாராளமாகத் தடவி, கண்ணாடியோடு அழுத்தி ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து உப்புநீர். சுவர் எடுத்துக்கொண்ட இடமும் மேல்விளிம்பில் விட்ட இடமும் போகத் தொட்டியில் நின்ற நீர் 185 லிட்டர்.

பழைய சின்னத் தொட்டியில் பழகிய வடிகட்டியும் கற்களும் இருந்ததால், நீர் பக்குவப்பட வாரக்கணக்கில் காத்திருக்கவில்லை. கோமாளி மீன் இரண்டு, ஒரு லெதர் பவளம், ஒரு கொத்து மஷ்ரூம் பவளம் எல்லாம் உடனே குடிவந்தன. இதுவும் தவறுதான். புதுச் சுவரின் குறையை உயிரில்லாத நீரில் கண்டுபிடித்திருக்கலாம்.

ஒன்பதாவது நாள் லெதர் பவளம் சுருங்கிக் குத்துக்கட்டையாக நின்றது. பிஹெச் 8.1, பாடப்புத்தகக் கடல்நீர். ஆல்கலினிட்டியைச் (நீரில் கரைந்த கார்பனேட் வகைகளின் அளவு, டிகேஹெச் அதன் அலகு) சோதித்தால், முதல் நாள் 8 டிகேஹெச் இருந்தது 11.5-க்கு ஏறியிருந்தது. நான் மருந்து எதுவும் ஊற்றவில்லை. பம்பின் சுழலியில் வெள்ளையாகச் செதில் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

பிஹெச் ஏன் சும்மா இருந்தது என்பது பிறகுதான் பிடிபட்டது. வீட்டில் ஐந்து பேர். ஏசி போட்டுச் சன்னலைச் சாத்தினால் அறைக்குள் கரியமில வாயு கூடுகிறது. அது தொட்டி நீரில் கரைந்து பிஹெச்சைக் கீழே இழுக்கிறது. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மேலே தள்ளுகிறது. இரண்டு பேர் கயிறு இழுத்து நடுவில் நின்ற எண்தான் அந்த 8.1. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சன்னலையும் திறந்துவைத்து மாலையில் பார்த்தேன்: 8.6. புதுச் சிமெண்ட் இருக்கும் தொட்டியில் பிஹெச் மீட்டரை மட்டும் நம்பியிருந்தது என் முட்டாள்தனம். ஆல்கலினிட்டி கிட்டை எடுத்திருந்தால் மூன்றாவது நாளே தெரிந்திருக்கும்.

எவ்வளவு சுண்ணாம்பு கசிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிகேஹெச் என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். மூன்றரை டிகேஹெச், 185 லிட்டர். பெருக்கினால் பதினொன்றரை கிராம் கார்பனேட். நீத்த சுண்ணாம்பாக மாற்றினால் சுமார் எட்டரை கிராம். வெற்றிலைக்குத் தடவ வாங்கும் சுண்ணாம்பு டப்பாவில் பாதிகூட இல்லை. செதிலாகப் படிந்ததைச் சேர்த்தாலும் இன்னும் சில கிராம்தான். அதே சமயம் சுவரில் நான் பூசிய கலவை ஏழு கிலோ. அதிலுள்ள சிமெண்ட் முழுவதும் இறுகினால் உண்டாகும் சுண்ணாம்பு ஏறத்தாழ 400 கிராம் வரும். ஐம்பதில் ஒரு பங்கு வெளியே வந்ததற்கே பவளம் சுருண்டுவிட்டது. மீதி எல்லாம் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பாதி நீரை மாற்றினேன். லெதர் பவளம் மெல்ல விரிந்தது. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாவது நாள் இரவு பதினொன்றரைக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம். கிண்ணம் விழுந்ததோ என்று வந்து பார்த்தால், சுவரின் இடது மேல்மூலை கண்ணாடியை விட்டு நான்கு விரல் தள்ளி நின்றது. கையால் அழுத்தினேன், படகை அழுத்துவதுபோல எதிர்த்துத் தள்ளியது. காலையில் முழுச் சுவரும் முன்னால் சாய்ந்து, விளக்கை முட்டிக்கொண்டு மிதந்தது. மீன்கள் அதற்கடியில் நிழலில் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன.

பிரித்துப் பார்த்ததில்

தெர்மோகோலும் நுரையும் சேர்ந்து பதினெட்டு லிட்டர். கடல்நீரில் ஒரு லிட்டர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோவை மேலே தள்ளும். ஏழு கிலோ சிமெண்ட் பூச்சு கனம்தானே என்று தோன்றும். ஆனால் நீருக்குள் அதன் எடை ஏறத்தாழப் பாதிதான், மூன்றரை கிலோ. கழித்தால் பதினாலு, பதினாலரை கிலோ ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது, இரவும் பகலும், பத்தொன்பது நாள். நிரப்பிய அன்று நின்றுவிட்டது என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

குளியலறைத் தரையில் சுவரைக் கவிழ்த்துப்போட்டபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஓரத்தில் சிலிக்கான் கண்ணாடியோடு நன்றாகவே பிடித்திருந்தது. கண்ணாடியில் அந்தக் கீற்று அப்படியே இருக்க, அதன் மேல் தெர்மோகோலின் வெள்ளை மணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மாதுளம்பழத்தைப் பிட்டது மாதிரி. அதாவது பசை தோற்கவில்லை, தெர்மோகோல்தான் மணி மணியாகக் கிழிந்திருக்கிறது. நடுப்பகுதியில் கதை வேறு. அங்கே விரலை வைத்தால் சிலிக்கான் பிசுபிசு என்று ஒட்டியது, வினிகர் நாற்றம் அடித்தது. மூன்று வாரம் ஆகியும் இறுகவே இல்லை. மீன்தொட்டிச் சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும் சாதி. இறுகும்போதுதான் அந்த வினிகர் வாசனை. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் ஈரம் புகாத தெர்மோகோல் என்று மூடிவிட்டால் நடுவில் இருப்பதற்கு ஈரம் எங்கிருந்து கிடைக்கும்? முழுக்கத் தடவினால் பலம் என்று நினைத்தேன். பலமெல்லாம் ஓரத்து இரண்டு விரல் அகலத்தில் மட்டும்தான் இருந்தது.

தெர்மோகோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீர் புகுந்த இடங்களில் கறுப்பாகச் சேறு படிந்திருந்தது. அழுகின முட்டை வாடை. ஓட்டமில்லாத இடுக்கில் கழிவு சேர்ந்தால் இதுதான் நடக்கும். சுவர் மிதக்காமல் நின்றிருந்தாலும், ஒரு வருடத்தில் வேறு விதமாக என்னைப் பழிவாங்கியிருக்கும்.

கொத்தனார் அண்ணன்

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இங்கே கட்டட வேலை செய்கிறார், பரமக்குடி பக்கம். ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தவர் குளியலறையில் கிடந்த சுவரைப் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூச்சின் ஓரத்தை விரலால் நெரித்தார். மாவாக உதிர்ந்தது.

“இதைக் காய வெச்சீங்களா, நனைய வெச்சீங்களா?”

“காய வெச்சேன் அண்ணே. பத்து நாள்.”

“சிமெண்டு காயக் கூடாது தம்பி. இறுகணும். காஞ்சா சோறு வேகாம தண்ணி வத்தின மாதிரி.”

அடுத்து, பெயர்ந்துபோயிருந்த ஒரு பூச்சுத் துண்டைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் வழுவழுவென்று பளபளத்தது. நுரை இறுகும்போது மேலே ஒரு தோல் கட்டும். நான் சில இடங்களில் அந்தத் தோலைச் செதுக்காமலே பூசியிருக்கிறேன். “வழுக்குத் தரையில பூசினா நிக்குமா? கொத்திவிட்டு, சிமெண்டுப் பால் அடிச்சு, அது ஈரமா இருக்கும்போதே பூசணும்.”

மீன் வளர்ப்பு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டாவது சுவர் நின்றதில் பாதிப் பங்கு அவருடையது.

இரண்டாவது சுவர்

மிதப்பை எதிர்த்துச் சண்டைபோடும் யோசனையையே விட்டேன். தொட்டியின் மேல்விளிம்பில் உள்பக்கமாக ஆறு செ.மீ. அகலத்தில் கண்ணாடிப் பட்டி ஒட்டியிருக்கிறது, தொட்டி விரியாமல் இருக்க. சுவரை அந்தப் பட்டிக்கு அடியில் செருகிவிட்டால், மிதப்பே அதை மேலே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒட்டவே வேண்டாம். அடியில் முன்னால் சாயாமல் இருக்க மட்டும் இரண்டு கண்ணாடித் துண்டுகளைத் தரையில் தடுப்பாக ஒட்டினேன்.

தெர்மோகோலுக்குப் பதில், ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடும் சதுரக்கட்ட பிளாஸ்டிக் வலைத்தட்டு. நுரையை அதன் மேல் பீய்ச்சினால் கட்டங்களுக்குள் புகுந்து பின்பக்கம் காளான் மாதிரி விரிந்து, தானே பூட்டிக்கொள்கிறது. இந்த முறை மீன்குளங்களுக்கென்று விற்கும் கறுப்பு நுரை வாங்கினேன். ஒரே தடவையில் குவிக்காமல் மூன்று செ.மீ. அளவுக்கு ஒரு அடுக்கு, மேலே நீர் தெளிப்பு, அடுத்த நாள் அடுத்த அடுக்கு. தடிமனாகக் குவித்தால் இதுவும் சிலிக்கான் மாதிரிதான், உள்ளே பிசினாகவே நிற்கும். கையுறை கட்டாயம், ஒரு தடவை மறந்து, நான்கு நாள் கறுப்பு விரலோடு அலுவலகம் போனேன்.

முழுச் சுவரையும் ஒரே துண்டாகச் செய்யாமல் 30 செ.மீ. அகலத்தில் மூன்றாகச் செய்தது நான் எடுத்த மிக நல்ல முடிவு. ஓரங்களை ஏற்ற இறக்கமாக வெட்டினால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. பட்டிக்கடியில் நுழைக்கவும், வேண்டுமானால் வெளியே எடுக்கவும் முடியும். ஊறவைக்கத் துணிப்பெட்டி அளவு பிளாஸ்டிக் பெட்டி போதும். நுரை ஈரமாக இருக்கும்போதே அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை அங்கங்கே மேல்நோக்கிச் சாய்த்துப் புதைத்தேன். பவளக் கன்றுகள் ஒட்டி வரும் சின்னக் கட்டைகளின் காம்பு அதில் செருகிக்கொள்ளும். முதல் சுவரில் மாடம் மாடமாகக் குடைந்திருந்தேன். பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதால் ஒவ்வொரு மாடத்துக்கும் கீழே ஒரு சாண் இருட்டு. இந்த முறை மேலே ஒடுங்கிக் கீழே அகலும் சரிவு.

சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையே மூன்று செ.மீ. இடைவெளி வேண்டுமென்றே விட்டேன். பின்கண்ணாடியில் கடைக்காரரைக் கொண்டு துளை போட்டு, கீழே சம்ப் (வடிகட்டி வைக்கும் துணைத்தொட்டி) வைத்து, தொட்டி நீர் முழுவதும் சுவரின் துளைகள் வழியாகப் பின்னால் போய் அங்கிருந்து சம்ப்புக்கு இறங்கும்படி செய்தேன். (கெட்டிப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் துளை போட முடியாது, நொறுங்கிவிடும், முதலில் விசாரித்துவிட வேண்டும்.) இடைவெளியில் நிற்கும் நீர் பன்னிரண்டு லிட்டர் சொச்சம். பம்ப் மணிக்கு 1500 லிட்டர் தள்ளுகிறது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை பின்பக்க நீர் முழுக்க மாறிவிடுகிறது. சேறு தங்க நேரமில்லை.

இதில் ஒரு சின்னக் கண்டம் இருந்தது. முதலில் ஆறு துளை மட்டும் விட்டேன். பம்பைப் போட்டதும் முன்பக்க நீர்மட்டம் பின்பக்கத்தைவிட இரண்டு செ.மீ. உயர்ந்து நின்றது, துளை போதவில்லை. பாசி படர்ந்து துளைக்கு முன்னால் உள்ள வலை அடைத்துக்கொண்டால் நீர் முன்பக்கமாக வழிந்து தரைக்கு வந்துவிடும். எட்டாவது மாடியில் அது கீழ்வீட்டுக்காரர் கூரைவரை போகும் சங்கதி. இன்னும் ஐந்து துளை போட்டதோடு, மேல்விளிம்பில் மூன்று வெட்டு வைத்தேன். எல்லாத் துளையும் அடைத்தாலும் நீர் அந்த வெட்டு வழியாகப் பின்னால் இறங்கிவிடும்.

பூச்சை அண்ணன் சொன்னபடி போட்டோம். நுரைத் தோலை முழுக்கச் செதுக்கி, சிமெண்டுப் பால் அடித்து, ஈரத்தோடு பூச்சு. கலவையில் சிமெண்டின் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாக மைக்ரோ சிலிக்கா. கடலில் இறக்கும் செயற்கைப் பாறைகளுக்கான கான்கிரீட்டிலும் இதைச் சேர்ப்பதுண்டு. மிக நுண்ணிய சிலிக்கா சிமெண்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்போடு வினைபுரிந்து அதைக் கட்டிப்போடுகிறது, பூச்சும் இறுக்கமாகிறது. ஈரச் சாக்கு போர்த்தி 28 நாள். அண்ணன் வாரம் ஒரு தடவை போன் பண்ணி, “தண்ணி காட்டுறீங்களா?” என்று கேட்பார்.

அப்புறம் ஊறவைப்பு. மூன்று நாளுக்கு ஒரு தடவை நீர் மாற்றம். ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டைப் புது ஆர்ஓ நீரில் 24 மணி நேரம் வைத்து பிஹெச் பார்த்தேன். முதல் வாரம் 12-க்கு மேல். அது கிட்டத்தட்ட தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரேதான். நான்காவது வாரம் 10.1. ஏழாவது வாரம் 8.6. ஆர்ஓ நீருக்குத் தாங்குசக்தியே கிடையாது, இம்மி சுண்ணாம்புக்கும் குதிக்கும், அதிலேயே 8.6 என்றால் கடல்நீரில் தெரியாது. நடுவில் ஒரு நாள் நீர்த்த வினிகரில் முக்கிப் பார்த்தேன். மேல்பூச்சு பொங்கியது, மணல் உதிர்ந்தது. லாபம் இருந்ததாகத் தெரியவில்லை. நீரும் நாளும்தான் வேலை செய்தன. அந்த ஏழு வாரமும் பெட்டிகள் குளியலறையில் இருந்தன. வீட்டில் அதைப் பற்றி எழுந்த கருத்துகளை இங்கே எழுதவில்லை.

மொத்தச் செலவு, சம்ப் நீங்கலாக, 410 சிங்கப்பூர் வெள்ளி. முதல் சுவரில் போன 230 தனி.

பதினெட்டு மாதம் கழித்து

நீர் விட்ட முதல் மாதம் ஆல்கலினிட்டியை இரண்டு நாளுக்கு ஒரு தடவை பார்த்தேன், 8-லிருந்து 8.4-க்குள் நின்றது. இரண்டாவது மாதம் பழுப்புப் பாசி, மூன்றாவதில் முடிப்பாசி, எல்லாத் தொட்டிக்கும் வருவதுதான். ஐந்தாவது மாதக் கடைசியில் மேல்விளிம்பில் மிளகு அளவுக்கு ஊதா நிறப் புள்ளி ஒன்று. கோரலைன் பாசி. இன்று சுவரின் முக்கால்வாசி அதே ஊதா. இரண்டு வாரயிறுதி உட்கார்ந்து ஆக்சைடில் நான் தீட்டிய நிழலும் வெளிச்சமும் அதற்கடியில் எங்கோ இருக்கின்றன. அந்த இரண்டு வாரயிறுதியை மிச்சம் பிடித்திருக்கலாம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. பாசி தின்ன ஒரு கடல்முள்ளெலி வாங்கிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வடிகட்டிப் பையில் கறுப்புத் துகள்கள். துணியில் தேய்த்துப் பார்த்தால் நுரை. வலதுபக்கத் துண்டின் உச்சியில் பூச்சு மெல்லியதாக இருந்த ஓரிடத்தைக் கண்டுபிடித்துச் சுரண்டியிருக்கிறது. முள்ளெலியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் துண்டை மட்டும் உருவி, இரண்டு விரல் அகலத்துக்கு எபாக்சிப் புட்டி அப்பி, மறுபடி செருகினேன். மூன்று துண்டாகச் செய்ததற்கு அன்று என்னையே தட்டிக்கொடுத்தேன்.

அடுத்து ஐப்டேசியா. ஒரு பவளக் கன்றோடு ஒளிந்து வந்த, பவளத்தைக் கொட்டிக்கொண்டே பரவும் இந்தக் கண்ணாடி அனிமோன் நடுத்துண்டில் நான்கு இடத்தில் முளைத்துவிட்டது. தனிக் கல்லாக இருந்தால் வெளியே எடுத்துத் தேய்த்துவிடலாம். அந்தத் துண்டிலோ பச்சை ஸ்டார் பாலிப் என்ற பவளம் கம்பளமாகப் படர்ந்து பக்கத்துத் துண்டுவரை ஏறிவிட்டது. இனி உருவினால் கிழியும். எனவே பழைய வைத்தியம்: நீத்த சுண்ணாம்பைக் கொஞ்சம் நீரில் குழைத்து, தயிர் பதத்தில் ஊசிக்குழாயில் ஏற்றி, ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதன் வாய் மேலேயே வைத்து மூட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ, அதற்குமேல் செய்தால் ஆல்கலினிட்டி ஏறும்.

போன ஞாயிறு அதைச் செய்துகொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். ஊசிக்குழாயில் என்ன என்று கேட்டார். சுண்ணாம்பு என்றேன்.

“ஏழு வாரம் தண்ணி மாத்தி வெளிய எடுத்தது?”

“அதேதான் அண்ணே.”

அவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சுவரில் எது தான் பூசிய இடம் என்று தேட ஆரம்பித்தார்.